உச்சத்தில் இருக்கும்போதே தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது ஏன்?

வெண்தாழை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. புகழின் உச்சியில் இருப்பவர்கள் தங்கள் பிழைப்பைத் தாங்களே கெடுத்துக்கொள்வது பற்றி ஒரு கேள்வி. வயதாகி வாய்ப்பு குறைந்தவர்கள், ரசனை மாறியதால் ஓரங்கட்டப்பட்டவர்கள் இதில் சேர மாட்டார்கள். எல்லாம் கூடி வந்த நேரத்தில் கவிழ்ந்தவர்களை மட்டும் பார்க்கிறேன்.

சார்லி ஷீன் 2010-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர். ஒரு எபிசோடுக்குச் சுமார் 18 லட்சம் டாலர். தொடரை உருவாக்கியவரையே ஊரறியத் திட்டித் தீர்த்து, 2011 மார்ச்சில் நீக்கப்பட்டார். வில் ஸ்மித் ஆஸ்கர் மேடையில் ஒருவரை அறைந்ததும், சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கியதும் ஒரே இரவு: 2022 மார்ச் 27. மைக் டைசன் 20 வயதில் குத்துச்சண்டை உலகச் சாம்பியன். 2003-இல் திவால் மனு. பாடகி லாரின் ஹில் 1998-இல் முதல் தனி ஆல்பம் போட்டார், 1999-இல் ஒரே இரவில் ஐந்து கிராமி வாங்கினார். இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம் வரவே இல்லை.

“தலைக்கனம்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. தலைக்கனம் பிடித்தவர் தன் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தானே பார்ப்பார்? மனதுக்குள் என்ன நடக்கிறது? சுற்றிலும் மேனேஜர், வக்கீல், ஏஜென்ட் என்று இத்தனை பேர் இருந்தும் ஏன் யாரும் தடுப்பதில்லை? விழுவதற்கு முன் வெளியே தெரிகிற அறிகுறி ஏதாவது உண்டா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் ஆழமாகவே சொல்லுங்கள்.

அகழி எழுதியது:

தலைக்கனத்தை ஒதுக்கி வைத்தீர்களே, அது சரியான தொடக்கம். முதலில் பார்க்க வேண்டியது பயம். அதிலும் ஒரு தனி வகைப் பயம்: எப்படி ஜெயித்தோம் என்று தெரியவில்லை, மறுபடி செய்து காட்டச் சொன்னால் என்ன செய்வது என்ற பயம்.

ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு அடிப்படை. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு யோசித்தால் விடை கிடைக்கும் கேள்விகள். இன்னொரு குழுவுக்குப் பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகள். குத்துமதிப்பாக எதையாவது குறித்துவிட்டுத்தான் வர முடியும். முடிந்ததும் இரண்டு குழுவிடமும் ஒரே பாராட்டு: பிரமாதமாகச் செய்துவிட்டீர்கள். அடுத்து இதே மாதிரி இன்னொரு தேர்வு, அதற்கு முன் இரண்டு மாத்திரைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். ஒன்று மூளையைக் கூர்மையாக்குமாம், மற்றது மந்தமாக்குமாம்.

விடையுள்ள கேள்விகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் கூர்மையாக்கும் மாத்திரையைக் கேட்டார்கள். விடையில்லாத கேள்விகளில் “ஜெயித்த” ஆண்களில் பெரும்பாலோர் மந்தமாக்கும் மாத்திரையைக் கேட்டார்கள். (பெண்களிடம் இந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.) கணக்கு எளிமையானது. மந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு தோற்றால் பழி மாத்திரைக்கு. ஜெயித்துவிட்டால், அதையும் மீறி ஜெயித்த பெருமை. எப்படிப் பார்த்தாலும் “இவன் நிஜமாகவே திறமைசாலிதானா” என்ற கேள்வி எழாது.

இரண்டு குழுவுக்கும் கிடைத்த பாராட்டு ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். எதனால் ஜெயித்தோம் என்று தெரிந்ததா இல்லையா என்பது மட்டும்தான் வேறு. ஒரு தச்சருக்குத் தான் செய்த நாற்காலி ஏன் ஆடாமல் நிற்கிறது என்று தெரியும். அடுத்த நாற்காலியையும் அதேபோல் செய்வார். படம் ஓடியது கதையாலா, பாட்டாலா, வெளியான வாரத்தில் போட்டி இல்லாததாலா, தன் முகத்தாலா என்று நடிகருக்குத் தெரியாது. ஆனால் மாலை முழுவதும் அவர் கழுத்தில்தான் விழுகிறது. அடுத்த படத்துக்கு அதே மாலையை எதிர்பார்த்து எல்லோரும் நிற்கும்போது, மந்த மாத்திரை கவர்ச்சியாகத் தெரிகிறது. மாத்திரை என்பது இங்கே குடியாக இருக்கலாம், வசனம் படிக்காமல் போவதாக இருக்கலாம், ஒரே நேரத்தில் மூன்று வேலையை ஒப்புக்கொண்டு எதற்கும் நேரமில்லை என்று சொல்வதாகவும் இருக்கலாம்.

இதைச் சோம்பேறித்தனத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. சோம்பேறி, தன்னை யாரும் கவனிக்காத வேலையில்தான் முதலில் கைவிரிப்பார். இந்த ரகத்தவர் சின்ன வேலைக்கெல்லாம் ஒழுங்காக வந்துவிடுவார். பெரிய வேலைக்கு முந்தின வாரம் மட்டும் காணாமல் போவார்.

இதையும் “நான் போலி” என்ற உணர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். அதே 1978-இல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் இருவரும் பெரிய நிலைக்கு வந்த பெண்களை வைத்து எழுதியது அந்த உணர்வைப் பற்றி. அது பெரும்பாலும் ஆளை அளவுக்கு மீறித் தயார்ப்படுத்த வைக்கும். பத்து முறை போதும் என்றால் நாற்பது முறை ஒத்திகை பார்ப்பார்கள். அங்கே ஆபத்து களைத்து விழுவது. தயாராகாமல் போவது வேறு நோய்.

சதுரங்கத்தில் பாபி ஃபிஷர் இதன் கடைசி எல்லை என்பது என் கருத்து. 1972-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில், அன்றைய சாம்பியன் ஸ்பாஸ்கியை 12.5-8.5 என்று வென்று உலகச் சாம்பியன் ஆனார். 1975-இல் கார்ப்போவ் சவால் விட்டபோது அவர் வைத்த நிபந்தனைகளை வரிசையாகப் பாருங்கள். முதலில் 10 ஆட்டம் ஜெயிப்பவருக்குப் பட்டம். டிரா கணக்கில் சேராது. மொத்த ஆட்டங்களுக்கு வரம்பு கிடையாது. 9-9 என்று வந்தால் போட்டி அங்கேயே நிற்கும், பட்டம் சாம்பியனிடமே இருக்கும். கடைசி நிபந்தனையின் பொருள், சவால் விடுபவர் குறைந்தது 10-8 என்று ஜெயிக்க வேண்டும். சாம்பியனுக்கு 9-9 போதும். உலகச் சதுரங்க அமைப்பு 10 வெற்றியையும் வரம்பின்மையையும் ஒப்புக்கொண்டது. 9-9-ஐ மட்டும் ஏற்கவில்லை. ஃபிஷர் ஆடவில்லை. 1975 ஏப்ரல் 3-இல் கார்ப்போவ் சாம்பியன் என்று அறிவித்தார்கள். 1972-க்குப் பிறகு 20 வருடம் ஃபிஷர் பொதுப் போட்டி எதிலும் ஒரு காய்கூட நகர்த்தவில்லை. ஆடாதவரை யாரும் தோற்கடிக்க முடியாது. அந்தப் பாதுகாப்புக்கு அவர் கொடுத்த விலை, தன் 29-லிருந்து 49 வயது வரையிலான ஆட்டம் முழுவதும்.

முச்சந்தி எழுதியது:

அகழி மனதைச் சொல்லிவிட்டார். நான் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்: சுற்றி இருப்பவர்கள் ஏன் தடுப்பதில்லை. பதில் சம்பள முறையிலேயே இருக்கிறது.

அமெரிக்கக் கேளிக்கைத் துறையின் வழக்கமான பங்கீட்டைப் பாருங்கள். ஏஜென்டுக்கு 10 சதவீதம், மேனேஜருக்கு 15 அளவில், வக்கீலுக்கு 5, பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பிசினஸ் மேனேஜருக்கு 5. நட்சத்திரம் 100 டாலர் சம்பாதித்தால் 35 டாலர் இப்படியே போகிறது. மீதி 65-இல் மேல்தட்டு வருமான வரி ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். கையில் நிற்பது 30-க்குக் கொஞ்சம் மேலே. நட்சத்திரத்தின் மனதில் பதிந்திருக்கும் எண் மட்டும் 100. வீடு, கார், கூட இருப்பவர்களின் சம்பளம் எல்லாம் அந்த 100-ஐ வைத்துத்தான் முடிவாகின்றன. ராப் பாடகர் எம்.சி. ஹேமரின் ஆல்பம் ஒரு கோடிக்கு மேல் விற்றது. சம்பளப் பட்டியலில் சுமார் 200 பேர். 1996-இல் சுமார் 1.3 கோடி டாலர் கடனோடு திவால்.

அதைவிட மோசமான விஷயம், இந்தச் சதவீதங்கள் எல்லாம் வேலை நடந்தால்தான் வரும். “ஒரு வருடம் எல்லாவற்றையும் நிறுத்து, உன் உடம்பு சரியில்லை” என்று சொல்லும் மேனேஜர் தன் ஒரு வருட வருமானத்தையும் சேர்த்து வெட்டிக்கொள்கிறார். எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “வேண்டாம்” என்று சொல்வதற்கு அந்த அறையில் யாருக்கும் காசு கிடையாது, “சரி” என்று சொல்ல எல்லோருக்கும் உண்டு.

மருத்துவர்கூட இதற்குள் மாட்டிக்கொள்கிறார். மைக்கேல் ஜாக்சனுக்கு 2009-இல் லண்டனில் 50 நிகழ்ச்சிகள் குறித்திருந்தது. சொந்த மருத்துவருக்கு மாதம் 1.5 லட்சம் டாலர் என்று பேச்சு. அறுவை அரங்கில், மூச்சைக் கண்காணிக்கும் கருவிகளோடு கொடுக்க வேண்டிய புரோபோஃபோல் என்ற மயக்க மருந்தை வீட்டில் தூக்கத்துக்காக ஏற்றினார்கள். ஜூன் 25-இல் ஜாக்சன் இறந்தார். 2011-இல் அந்த மருத்துவருக்குத் தண்டனை. எல்விஸ் பிரெஸ்லி விஷயத்திலும் இதே கதை. 1977-இல் அவர் இறப்பதற்கு முந்தைய எட்டு மாதங்களுக்குள் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்த மருந்து அளவுகள் 10,000-ஐத் தாண்டின.

மருந்து எங்கிருந்து நுழைகிறது என்று கேட்டால், பெரும்பாலும் தூக்கத்திலிருந்து. நிகழ்ச்சி இரவு 11 மணிக்கு முடியும். உடம்பில் ஏறிய வேகம் இறங்க இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். காலை 7 மணிக்கு அடுத்த ஊருக்கு வண்டி. அந்த இடைவெளியை நிரப்ப இரவில் ஒரு மாத்திரை, அது விட்டுவைத்த மந்தத்தை விரட்டக் காலையில் ஒன்று. ஒரு வாரம் தாங்கும். 40 ஊர்ச் சுற்றுப்பயணம் தாங்காது.

அறிகுறி கேட்டீர்கள். நான் முதலில் பார்ப்பது யார் யார் வெளியே போகிறார்கள், எந்த வரிசையில் போகிறார்கள் என்பதை. முதலில் பயிற்சியாளரோ குருவோ போவார், ஏனென்றால் தினமும் தப்பைச் சுட்டிக்காட்டுவது அவர்தான். அடுத்து கணக்குப் பார்ப்பவர். அதன்பின் பழைய வக்கீல். மிஞ்சுவது சம்பளத்தில் இருக்கும் நண்பர்கள். இடித்துச் சொல்ல ஒருவர்கூட இல்லாத கூட்டம் ஆகிவிட்டது என்றால், விழுவதற்கு இன்னும் ஒன்றிரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

டைசனை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்த்து ஆளாக்கிய கஸ் டமாட்டோ 1985-இல் இறந்தார். மேனேஜர் ஜிம் ஜேக்கப்ஸ் 1988 மார்ச்சில் இறந்தார். பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988 கடைசியில் டைசனே அனுப்பிவிட்டார். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. எதிரே பஸ்டர் டக்ளஸ், பந்தயச் சந்தையில் 42-க்கு 1 என்று கழித்துக் கட்டப்பட்டவர். நடுச் சுற்றுகளில் டைசனின் கண் வீங்கி மூட ஆரம்பித்தது. குத்துச்சண்டை மூலையில் நிற்பவர்களிடம் எப்போதும் ஐஸில் புதைத்து வைத்த ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கும். சுற்றுகளுக்கு இடையிலுள்ள ஒரு நிமிடத்தில் அதை வீக்கத்தின் மேல் அழுத்திப் பிடிப்பார்கள். சின்னப் பிள்ளைகளின் போட்டியில்கூடக் கொண்டுவரும் பொருள் அது. உலகச் சாம்பியனின் மூலையில் அன்று அது இல்லை. ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீரை நிரப்பிக் கண்ணில் வைத்தார்கள். பத்தாவது சுற்றில் டைசன் விழுந்தார்.

பணம் அதிகமாக இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கக் கால்பந்து லீகில் 1996 முதல் 2003 வரை தேர்வான வீரர்களைப் பற்றி 2015-இல் பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். ஓய்வு பெற்ற 12 வருடத்துக்குள் ஏறக்குறைய 16 சதவீதம் பேர் திவால் மனு போட்டிருந்தார்கள். மொத்தம் எவ்வளவு சம்பாதித்தார், எத்தனை வருடம் ஆடினார் என்பதெல்லாம் திவாலாகும் வாய்ப்பைக் குறைக்கவில்லை.

நடுவர் எழுதியது:

இரண்டு பதிலும் கனமானவை. ஆனால் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாராவது சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிகிற எல்லாவற்றையும் “கெடுத்துக்கொண்டார்” என்ற பெட்டியில் போடுகிறோம்.

முகமது அலி 1967 ஏப்ரல் 28-இல் ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிபோனது, 1970 அக்டோபர் வரை மூன்றரை வருடம் வளையத்துக்குள் ஏற முடியவில்லை. ஒரு குத்துச்சண்டை வீரரின் 25-லிருந்து 28 வயது வரை என்றால் உடம்பின் பொற்காலம். அன்று எத்தனையோ பேர் அவரை முட்டாள் என்றார்கள். 1971-இல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாடகி ஷினேட் ஓ'கானர் 1992 அக்டோபர் 3-இல் நேரலையில் போப்பின் படத்தைக் கிழித்தார். தேவாலயத்துக்குள் குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமைக்காகக் கிழித்தேன் என்றார். அமெரிக்காவில் அவர் சந்தை அன்றோடு சரிந்தது. பாஸ்டன் நகரப் பாதிரியார்கள் குழந்தைகளுக்குச் செய்த கொடுமை பற்றிய செய்திகள் 2002-இல் வெளிவந்த பிறகு அவர் எதைச் சொன்னார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. இவர்கள் விலை தெரிந்தே கொடுத்தவர்கள். இதை மந்த மாத்திரையோடு சேர்ப்பது அநியாயம்.

அடுத்த வகை, வெளியேறுபவர்கள். நகைச்சுவைக் கலைஞர் டேவ் சாப்பல் 5 கோடி டாலர் ஒப்பந்தம் கையில் இருக்கும்போது, 2005-இல் தன் நிகழ்ச்சியின் மூன்றாவது பருவத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். பைத்தியம், போதை என்று வதந்தி. தன் நகைச்சுவையைப் பார்த்துச் சிலர் சிரிக்கிற விதம் தன்னை உறுத்தியது என்று பிறகு விளக்கினார். திரும்பி வந்து மேடை நகைச்சுவையில் மறுபடி உச்சிக்கே போனார். நடிப்பதையோ பேசுவதையோ அவர் விடவில்லை. அந்த ஒரு இயந்திரத்திலிருந்து மட்டும் இறங்கினார்.

டென்னிஸில் இரண்டு பேரை அருகருகே வைத்துப் பாருங்கள். பியோர்ன் போர்க் 11 கிராண்ட் ஸ்லாம் வென்றவர். களைத்துப் போய் 1982-இல் குறைவாக ஆட ஆசைப்பட்டார். வருடத்துக்கு 10 போட்டியாவது ஆட ஒப்புக்கொள்ளாதவர் தகுதிச் சுற்றிலிருந்துதான் வர வேண்டும் என்று அன்றைய விதி. அந்த வருடம் ஏறக்குறைய ஆடவே இல்லை. 1983 ஜனவரியில், 26 வயதில், விலகல். 1991-இல் மான்டி கார்லோவுக்குத் திரும்பி வந்தபோது கையில் பழைய மர ராக்கெட். மற்ற எல்லோரும் கிராஃபைட்டுக்கு மாறி வருடக்கணக்காகியிருந்தது. முதல் சுற்றிலேயே தோல்வி. ஆஷ் பார்ட்டி 2022 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயித்து, மார்ச்சில், 25 வயதில், உலகின் முதலிடத்தில் இருந்தபடியே விலகினார். இரண்டு பேரும் செய்தது ஒன்றுதான். பார்ட்டி அதற்கு முன்பே, 2014-இலிருந்து ஒன்றரை வருடம் டென்னிஸை விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடித் திரும்பியவர். ராக்கெட் இல்லாமலும் தனக்கு ஒரு வாழ்க்கை உண்டு என்று ஏற்கெனவே பார்த்துவிட்டார். என் பார்வையில் அதுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடி, கடன், கோபத்தில் வேலையை விட்டு எறிவது எல்லாம் எந்தத் தொழிலிலும் நடப்பவை. கிடங்கில் வேலை பார்ப்பவர் மேலாளரைத் திட்டிவிட்டு வெளியேறினால் செய்தி வராது. நட்சத்திரங்கள் மட்டும்தான் இப்படி என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, அவர்களை மட்டும்தான் பார்க்கிறோம் என்பதால்.

வெண்தாழை எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நடுவர் சொன்னதை ஏற்கிறேன், அலியையும் ஷீனையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் ஒரு வகை இன்னும் விடுபட்டுப் போகிறது. வருடக்கணக்கில் சரியாமல், ஒரே நிமிடத்தில் எல்லாம் போவது. அறை, ட்வீட், மைக் அணைந்துவிட்டது என்று நினைத்துப் பேசிய பேச்சு. இதையும் பயம் என்று சொல்ல முடியுமா? அப்படி விழுந்தவர்கள் எழுந்திருக்க வழி உண்டா?

அகழி எழுதியது:

ஒரு நிமிட வகையைப் பயம் என்று சொல்ல மாட்டேன். அங்கே பழுதாவது பிரேக். தூக்கமின்மை, மது, தூக்க மாத்திரை, பல மணி நேரப் பரபரப்பு ஆகியவற்றில் இரண்டு சேர்ந்தாலே, சொல்ல நினைப்பதற்கும் சொல்லிவிடுவதற்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு கணம் காணாமல் போகிறது. விருது இரவு என்பது பல மாதப் பிரச்சாரத்தின் கடைசி நாள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நடிகை ரோசன் பாரின் தொலைக்காட்சித் தொடர் 2018-இல் மீண்டும் வந்து பெரிய வெற்றி பெற்றது. அந்த மே மாதம் நள்ளிரவு தாண்டி ஒரு இனவெறி ட்வீட். சில மணி நேரத்துக்குள் தொடரை ஏபிசி தொலைக்காட்சி ரத்து செய்தது. ஆம்பியன் என்ற தூக்க மாத்திரை போட்டிருந்தேன் என்றார் அவர். இனவெறி எங்கள் மருந்தின் பக்கவிளைவு அல்ல என்று மருந்து நிறுவனம் பதில் சொன்னது. நிறுவனம் சொன்னது சரி, மாத்திரை இல்லாத எண்ணத்தை உண்டாக்காது. ஆனால் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டு படுக்காமல் விழித்திருப்பவர்களுக்குத் தடையுணர்வு தளர்வதும், செய்தது காலையில் நினைவில்லாமல் போவதும் மருத்துவர்கள் நன்கு அறிந்தவை. முன்பு ஒரு நடிகர் பத்திரிகையில் உளற வேண்டும் என்றால் நடுவில் நிருபர், ஆசிரியர், அச்சகம் என்று மூன்று கதவுகள் இருந்தன. இப்போது படுக்கையில் இருக்கும் போனுக்கு ஒரு கதவும் இல்லை. இதற்கு வைத்தியம் மிகச் சாதாரணம்: கணக்கின் கடவுச்சொல் வேறொருவரிடம், பதிவு எழுதுவதற்கும் வெளியாவதற்கும் இடையே ஒரு இரவு, விருது விழா முடியும்வரை மது இல்லை. செய்பவர்கள் செய்கிறார்கள், அவர்கள் பெயர் செய்தியில் வருவதில்லை.

முச்சந்தி எழுதியது:

எழுந்திருக்கும் வழியைப் பற்றிக் கொஞ்சம். பட உலகில் ஒருவரை முடக்குவது பெரும்பாலும் கோபமோ ஒழுக்கமோ இல்லை, காப்பீடு. நாயகன் பாதியில் சிறைக்கோ மருத்துவமனைக்கோ போனால் எடுத்தது எல்லாம் வீண் என்பதால், படம் முடியும் என்ற உத்தரவாதப் பத்திரம் இல்லாமல் முதலீட்டாளர் காசு இறக்க மாட்டார். பத்திரம் கொடுப்பவர் ஒரு பெயரைப் பார்த்துத் தலையாட்ட மறுத்தால், இயக்குநர் எவ்வளவு விரும்பினாலும் பயனில்லை. ராபர்ட் டவுனி ஜூனியர் போதை வழக்குகளால் 1999-2000-இல் ஏறக்குறைய ஒரு வருடம் சிறையில் இருந்தவர். வெளியே வந்த பிறகு ஒரு படத்துக்கு அவருடைய காப்பீட்டுப் பொறுப்பை நண்பர் மெல் கிப்சன் தன் கைக்காசில் ஏற்றார். 2003-இல் வந்த இன்னொரு படத்தில், படப்பிடிப்பு முடியும்வரை அவர் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தயாரிப்பாளர் பிடித்து வைத்துக்கொண்டார். டவுனி அதற்குச் சம்மதித்தார். ஒரு படம் ஒழுங்காக முடிந்தது, பிறகு இன்னொன்று. அப்படித்தான் காப்பீட்டாளரிடம் பெயர் சுத்தமானது. 2008-இல் மறுபடி உச்சம், 2024-இல் ஆஸ்கர்.

திரும்பி வருவதே விழுவதற்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. சைக்கிள் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் ஏழு பட்டங்களோடு 2005-இல் ஓய்வு பெற்றார். ஊக்கமருந்து பற்றிய சந்தேகங்கள் இருந்தன, நிரூபணம் இல்லை. 2009-இல் மறுபடி சைக்கிள் ஏறினார். முன்னாள் அணித் தோழர் ஃபிளாய்ட் லாண்டிஸுக்கு அவர் அணியில் இடம் கிடைக்கவில்லை. 2010-இல் லாண்டிஸ் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினார். 2012-இல் ஏழு பட்டங்களும் பறிபோயின. திரும்பி வராமல் இருந்திருந்தால் மாட்டியிருக்க மாட்டேன் என்ற கருத்தை ஆம்ஸ்ட்ராங்கே பிறகு பேட்டியில் சொன்னார். பழைய குற்றத்தை மூடி வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்குத் திரும்புபவர்கள், தன் ரகசியம் தெரிந்த ஒவ்வொருவரையும் கடைசிவரை திருப்தியாக வைத்திருக்க வேண்டும். நடக்கிற காரியமா அது?

நடுவர் எழுதியது:

எழுந்ததற்கு நான் சொல்லும் உதாரணம் டென்னிஸ் வீரர் ஆந்த்ரே அகாஸி. 1997-இல் போதைப்பொருள், பரிசோதனையில் மாட்டி, பொய் சொல்லித் தப்பியது (2009-இல் அவரே ஒப்புக்கொண்டார்), உலகத் தரவரிசையில் 141-ஆம் இடம். மூன்று கிராண்ட் ஸ்லாம் வென்றவர். அந்தப் பெயரை வைத்துப் பெரிய போட்டிகளில் நேரடி அழைப்பு கேட்டிருக்கலாம், எந்த அமைப்பாளரும் கொடுத்திருப்பார். முதல் சுற்றில் தோற்று, காயம் என்று சொல்லிவிட்டு வருடத்தை ஓட்டியிருக்கலாம்.

பயிற்சியாளர் பிராட் கில்பர்ட் 1994-இலிருந்து கூடவே இருந்தார், அந்த மோசமான வருடத்திலும் விலகவில்லை, விலக்கப்படவும் இல்லை. ஒன்று விட்டுவிடு, இல்லையென்றால் அடியிலிருந்து தொடங்கு என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். அந்த நவம்பரில் அகாஸி சேலஞ்சர் போட்டிகளுக்குப் போனார். நூறுக்கு வெளியே இருக்கும் இளைஞர்கள் புள்ளி சேர்க்க வருகிற மட்டம் அது. பரிசுத் தொகையும் கூட்டமும் கொஞ்சம்தான். முதல் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றார். இரண்டாவதில் ஜெயித்தார். 1998 முடிவில் ஆறாம் இடம். 1999-இல் பிரெஞ்சு ஓப்பன், அமெரிக்க ஓப்பன், வருட முடிவில் முதலிடம். கில்பர்ட் 2002 வரை அவரோடு இருந்தார்.